ஒரு வேளையும் உட்பிரிவுகளும்

மனித குலத்தின் சகல துன்பங்களுக்கும் மூல காரணம் காலைச் சாப்பாடுதான். இந்த உண்மையை உட்பிரிவு அறிவித்தபோது அவர் வாயில் காலைச் சாப்பாடு இருந்தது. ஆனாலும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"இதுதான் கடைசி. நாளையிலேர்ந்து எனக்கு ஒரு வேளைதான். மத்தியானம் ஒரு மணிக்கு, ஆபீஸ்ல, அவ்வளவுதான்," என்றார், ரொட்டியின்மேல் வெண்ணெயை ரோடு போடுகிற மாதிரி சமன்படுத்திக்கொண்டே.

"சரிங்க," என்றாள் மனைவி.

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உடம்பு என்னத்துக்கு ஆகும், தலை சுற்றினால் என்ன செய்வது என்று ஒரு பாட்டம் அழுகையையாவது எதிர்பார்த்திருந்தார். அதற்கான பதில்களைக் குளிக்கும்போதே தயார் செய்தும் வைத்திருந்தார். பயன்படுத்த வாய்ப்பில்லாமல் போன பதில்களை இன்னொரு ரொட்டியோடு சேர்த்து விழுங்கினார்.

உட்பிரிவு என்பது அவர் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அலுவலகம் வைத்தது. விதிப் பிரிவுக்கு அவர்தான் கண்காணிப்பாளர். விடுப்பு விதிகளைக் கரைத்துக் குடித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இரண்டு பக்கமும் விடுப்பால் முட்டுக்கொடுத்து ஒரு வாரமாக நீட்டுவது எப்படி, அரைநாள் விடுப்பு எந்தச் சூழ்நிலையில் விடுப்பே ஆகாது என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். யார் எந்த விதியைக் காட்டினாலும், "விதி சரிதான், ஆனா அதுக்கு ஓர் உட்பிரிவு இருக்கு," என்பார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நாளடைவில் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இப்போது அவர் ஒரு வேளைக்கு இறங்கியதற்குப் பின்னால் ஒரு பதவி இருந்தது. துணை இயக்குநர் நாற்காலி காலியாகியிருந்தது. வரிசைப்படி அவருக்குத்தான் வர வேண்டும். ஆனால் உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லையென்றால் நாற்காலி கணக்குப் பிரிவுத் தலைவருக்குப் போய்விடும். போனால் போகிறது என்று விடலாம்தான். ஆனால் அதற்குப் பிறகு விடுப்பு வேண்டுமென்றால் அந்த மனிதரிடம் அல்லவா கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்? கூட்டல் கழித்தலைத் தவிர வேறொன்றும் அறியாத ஒருவரிடம், விடுப்பு விதிகளின் கரை கண்டவர், "சார், ஒருநாள் லீவு," என்று இளிப்பதா? அந்தக் காட்சி மனதில் தோன்றும்போதெல்லாம் அவருக்கு வியர்த்தது.

முந்தின நாள்தான் அவரும் மனைவியும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

"எடை அதிகம். சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது," என்றார் டாக்டர். "ரெண்டு மாசம் தர்றேன். குறைச்சுக் காட்டினா சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடுறேன். அதுக்கு நீங்க என்ன பண்ணணும்னா..."

உட்பிரிவு கையை உயர்த்தினார். "நீங்க சிரமப்பட வேண்டாம் டாக்டர். நம்ம பெரியவங்க எப்பவோ சொல்லிட்டாங்க."

ஒரு வேளை சாப்பிடுகிறவனை முனிவர் வரிசையிலும், இரண்டு வேளைக்காரனைச் சுகவாசி வரிசையிலும், மூன்று வேளைக்காரனை நோயாளி வரிசையிலும் உட்கார வைக்கிற அந்த ஊரறிந்த வாக்கை எடுத்துக்கொண்டு, பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை என மூன்றையும் டாக்டருக்கு இலவசமாக வழங்கினார்.

"அதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா? மூணு வேளைக்கு மேல சாப்பிடுறவனைப் பத்திப் பேச்சே இல்லை. ஏன்? அப்படி ஒருத்தன் இருப்பான்னு அவங்க நினைச்சே பார்க்கல. பாவம், அவங்க என் மச்சானைப் பார்த்ததில்ல."

டாக்டர் பேனாவை மூடினார். உட்பிரிவு எழுந்து வெளியே போய், டோக்கன் வரிசை விதிப்படி நடக்கவில்லை என்று வரவேற்பறைப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். அவர் எடுத்துச் சொல்லி முடித்து, அந்தப் பெண் தலைவலி மாத்திரை போட்டுக்கொள்ளும் வரைக்கும் மனைவி உள்ளேயே இருந்தாள்.

"என்ன சொன்னார்?" என்று வெளியே வந்தவளிடம் கேட்டார் உட்பிரிவு.

"உங்களை உங்க போக்குலயே விடச் சொன்னார்."

"நல்ல டாக்டர். விஷயம் தெரிஞ்சவர்."

மச்சான் என்பவன் மனைவியின் தம்பி. அதே கட்டடத்தின் மொட்டை மாடியை ஒட்டிய வீட்டில் குடியிருந்தான். நீச்சல் சொல்லிக்கொடுப்பது தொழில். ஒடிசலாக, உறுதியாக இருப்பான். ஒரு கை அளவு டப்பாவை எப்போதும் கூடவே வைத்திருப்பான். காலையில் கொஞ்சம், முற்பகலில் கொஞ்சம், மத்தியானம், சாயங்காலம், இரவு எனக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பான்.

ஒரு வேளை அறிவிப்பு வந்த அன்று காலையும் டப்பாவோடு இறங்கி வந்தவன் மூடியைத் திறந்து நீட்டினான். "அத்தான், ரெண்டு கடலை எடுத்துக்கறீங்களா?"

"மச்சான், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத. நீ சாப்பிடுறியா, மேயுறியா?"

"ரெண்டும்தான் அத்தான்," என்று சிரித்தான் அவன். கோபமே வராது அவனுக்கு. சாப்பிட்டுக்கொண்டே இருப்பவனுக்குக் கோபம் வர நேரம் ஏது?

மறுநாள் விரதம் தொடங்கியது. அலுவலகத்தில் முதல் ஒரு மணி நேரம் முனிவராகவே கழிந்தது. இரண்டாவது மணி நேரத்தில் மேஜை மேல் இருந்த பசை டப்பா ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்தது. பதினொரு மணிக்கு அவருடைய வயிற்றுக்குள் யாரோ பீரோவை நகர்த்தினார்கள்.

எதிர் மேஜையில் இருந்த டைப்பிஸ்ட் தலையைத் தூக்கவில்லை. "நாற்காலிக்கு எண்ணெய் விடணும் சார்," என்றாள்.

"ஆமா, எழுதி அனுப்புங்க."

"சார், இன்னொண்ணு. பழைய விடுப்புக் கோப்பு ஒண்ணு வேணும். ரெண்டாவது மாடி ரெக்கார்டு ரூம்ல மேல் தட்டுல இருக்கு. எனக்கு எட்டாது."

உட்கார்ந்திருந்தால் பீரோ இன்னும் நகரும் என்று அவரே போனார். ஏணி போட்டு ஏறிக் கோப்பை இழுத்தபோது அதன் பின்னால் ஒரு சின்ன டப்பா இருந்தது. திறந்தார். வெள்ளரிக்காய் வைத்த இரண்டு துண்டு ரொட்டி. ஒரு வாழைப்பழம். டைப்பிஸ்டுடையதாகத்தான் இருக்க வேண்டும். எட்டாத இடத்தில் எப்படி வைத்தாள் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. வேறு பெரிய கேள்வி எழுந்திருந்தது.

வேளை என்றால் என்ன?

ஏணியின் மேல் நின்றபடியே அவர் இதை ஆராய்ந்தார். உட்கார்ந்து, தட்டு வைத்து, கை கழுவிச் சாப்பிட்டால்தான் அது வேளை. இங்கே தட்டு இல்லை, கை கழுவவில்லை, உட்காரவே வழியில்லை. ஆகவே, ஏணி மேல் நின்றுகொண்டு சாப்பிடுவது சாப்பாடு ஆகாது. வெறும் சம்பவம். இது உட்பிரிவு (அ).

சம்பவம் நல்ல ருசியாக இருந்தது.

அடுத்த நாளும் டைப்பிஸ்டுக்கு ஒரு கோப்பு தேவைப்பட்டது. அதற்கடுத்த நாளும். விடுப்பு விதிகளில் அந்தப் பெண்ணுக்குத் திடீரென்று இத்தனை ஆர்வம் வந்ததை உட்பிரிவு மனதுக்குள் பாராட்டினார். டப்பா காலியாவதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. மனசாட்சி மட்டும் லேசாக உறுத்தியது. அதற்காக உட்பிரிவு (ஆ): பிறருடைய உணவு தன் கணக்கில் ஏறாது.

வினை தபால் பிரிவு குமாஸ்தா ரூபத்தில் வந்தது.

"சார், ரெக்கார்டு ரூம்ல எலி."

"எலிதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"ரொட்டித் துணுக்கு கிடக்கு சார். வாழைப்பழத்தோலை நாலா உரிச்சு ஓரமா வச்சிருக்கு. பெரிய எலி."

புகார் எழுத்தில் வந்துவிட்டது. நடவடிக்கை எடுக்கவில்லையென்றால் அவரே விதியை மீறியவர் ஆவார். எலிப்பொறி வைக்க உத்தரவு போட்டார். எங்கெங்கே வைக்க வேண்டும் என்பதைக் குமாஸ்தாவின் பொறுப்பில் விட்டார். அது தவறு. மறுநாள் கோப்புக்குப் பின்னால் கையை விட்டபோது, டப்பாவுக்கு முன்னால் பொறி இருந்தது.

"விரல்ல என்ன சார் கட்டு?" என்று கேட்டார் இயக்குநர், மாடிப்படியில் எதிரே வந்தவர்.

"பழைய கோப்பு சார். கனமானது. மூடும்போது நசுங்கிடுச்சு."

"அந்த ரூம்ல பொறிகூட வச்சிருக்காங்களாமே?"

"எடுக்கச் சொல்லப் போறேன் சார். எலியும் ஓர் உயிர்தானே."

இயக்குநர் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். இத்தனை நாள் இந்த மனிதரைத் தப்பாக எடைபோட்டுவிட்டோம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

பொறி போனது. ஆனால் அதோடு டப்பாவும் போனது. தட்டச்சு செய்துகொண்டே, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், டைப்பிஸ்ட் சொன்னாள்: "எலிக்குப் பயந்து என் டப்பாவை மூணாவது மாடியில, உடைஞ்ச நாற்காலி போட்டு வச்சிருக்கிற ரூமுக்கு மாத்திட்டேன்."

லிஃப்டில் போனால் யாராவது பார்ப்பார்கள். உட்பிரிவு படியேறினார். முதல் நாள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். போகப் போக நிற்கத் தேவையில்லாமல் போனது.

வீட்டில் நிலைமை இன்னும் சிக்கல். காலையில் மனைவி கரண்டியோடு வந்து, "உப்பு சரியா இருக்கா பாருங்க," என்பாள். ஒரு கரண்டி என்பது ஒரு கிண்ணமாக இருக்கும். ருசி பார்ப்பது குடும்பத் தலைவனின் கடமை. கடமையை யாரும் வேளை என்று சொல்லமாட்டார்கள். இரவில், "சூப் மீந்துபோச்சு, கொட்டிடவா?" என்பாள். வீணடிப்பதில் அவருக்கு உடன்பாடு இல்லை. தவிர, குடிப்பது வேறு, சாப்பிடுவது வேறு. உட்பிரிவுகள் இப்படி (ஈ) வரை வந்துவிட்டிருந்தன.

சாயங்காலம்தான் மோசம். வீட்டுக்குள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒன்றும் இருக்காது. பிஸ்கட் டின்னில் ஊசியும் நூலும் இருக்கும். ஒருநாள் மேலிருந்து மச்சான் குளித்துக்கொண்டே பாடுவது கேட்டது. அவன் குளித்தால் அரை மணி நேரம் ஆகும். கதவும் திறந்துதான் கிடக்கும்.

"டேங்க்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு வர்றேன்," என்று கிளம்பினார்.

மச்சான் வீட்டு வாசலை ஒட்டிய மேஜையில், தட்டால் மூடிய கிண்ணத்தில், அவித்த கடலையும் நறுக்கிய பழமும் இருந்தன. உட்பிரிவு (உ) அங்கேயே பிறந்தது: தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போகும் வழியில் உணவு குறுக்கிட்டால், அது பயணத்தின் பகுதி.

தொட்டியைத் தினமும் பார்க்க ஆரம்பித்தார்.

"அத்தான், தண்ணி இருக்கா?" என்று குளியலறையிலிருந்து குரல் வரும்.

"இருக்கு மச்சான். நீ குளி, அவசரமில்ல."

ஒரு வாரம் போனதும் மனைவி கேட்டாள். "தினமும் டேங்கைப் பார்க்கப் போறீங்களே, ஒழுகுதா என்ன?"

"லேசா."

அந்த ஒரு சொல்லுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. மறுநாள் வீட்டுக்குத் திரும்பியபோது பிளம்பர் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"டேங்க் நல்லாத்தானே சார் இருக்கு. எங்க ஒழுகுது?"

"நல்லா பாருங்க."

"நல்லா பார்த்துட்டேன் சார்."

"இன்னும் நல்லா பாருங்க," என்றார் உட்பிரிவு. வேறு வழியில்லை. ஒழுகவில்லை என்று முடிவானால், தினமும் எதற்கு வந்தார் என்ற கேள்வி வரும்.

பிளம்பர் இன்னும் நல்லா பார்த்தார். ஸ்பானரை வைத்துத் தொட்டியின் அடியிலிருந்த குழாயைத் திருகிப் பார்த்தார். பிறகு, "இப்ப ஒழுகுது சார்," என்றார் நிம்மதியாக.

புதுக்குழாய் வரும்வரை கட்டடத்துக்கே தண்ணீர் இல்லை. தொட்டி ஒழுகுவதைக் கண்டுபிடித்தவர் என்ற முறையில், எல்லா மாடிக்கும் கீழிருந்து வாளியில் தண்ணீர் தூக்கும் பொறுப்பை அக்கம்பக்கத்தார் உட்பிரிவிடமே ஒப்படைத்தார்கள். எதிர் வாசல் மாமி மட்டும், "கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்," என்று வாளியை வாங்கிக்கொண்டார். மச்சான் கூட வந்து ஒரு கை கொடுத்தான். நடுநடுவே டப்பாவையும் நீட்டினான்.

"எனக்கு வேண்டாம்," என்றார் உட்பிரிவு, அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி. "நான் ஒரு வேளைக்காரன்."

கெடு முடிந்தது. எடை இயந்திரத்தின் மேல் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். கணக்குப் பிரிவுத் தலைவரின் முகம் இருட்டில் தெரிந்தது. "லீவா? எதுக்கு?" என்று அது கேட்டது.

"பரவாயில்லையே," என்றது டாக்டரின் குரல். "நல்லா குறைஞ்சிருக்கு. சர்க்கரையும் இறங்கியிருக்கு. மூச்சு வாங்குறதுகூட இல்லை. எப்படி?"

உட்பிரிவு கண்ணைத் திறந்தார். "ஒரு வேளை, டாக்டர். நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தாள்.

"அப்ப இப்படியே தொடரட்டும்," என்று கையெழுத்துப் போட்டார் டாக்டர்.

சான்றிதழைப் பார்த்த இயக்குநர் அசந்துபோனார். எலிக்கு இரங்கிய அதே மனிதர் நாக்கையும் அடக்கியிருக்கிறார். அலுவலகம் முழுவதையும் கூட்டி, அந்த முதுமொழியின் உண்மைப் பொருளை விளக்கிப் பேசச் சொன்னார்.

உட்பிரிவு பேசினார். பசி என்பது வயிற்றின் வதந்தி என்றார். நொறுக்குத்தீனி என்பது மனிதன் தன் சுயமரியாதையைத் தவணை முறையில் விற்பது என்றார். மைக்கில் ஒருமுறை பீரோ நகரும் சத்தம் கேட்டது. டைப்பிஸ்ட் எழுந்து நாற்காலியைச் சரிசெய்வதுபோல் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தாள்.

தபால் பிரிவு குமாஸ்தா கையைத் தூக்கினார். "சார், நாலு வேளை, அஞ்சு வேளை சாப்பிடுறவங்க எந்தக் கணக்குல வருவாங்க?"

"கணக்குலயே வரமாட்டாங்க. அதுக்குப் பேரு சாப்பாடு இல்ல, மேய்ச்சல்."

கைதட்டல் அடங்கியதும் இயக்குநர் எழுந்தார். புதிய துணை இயக்குநர் யார் என்பதை அறிவித்தார். கணக்குப் பிரிவுத் தலைவர் எழுந்து வந்து உட்பிரிவின் கையைக் குலுக்கி வாழ்த்தினார். உட்பிரிவுக்கு இரண்டு மாதமாக வியர்த்த வியர்வையெல்லாம் அந்தக் கையிலேயே துடைக்கப்பட்டது. மகிழ்ச்சி ஒரு நிமிடம் நீடித்தது.

"அவரோட முதல் ஆணையும் இன்னிக்கே வருது," என்றார் இயக்குநர். "நாளையிலேர்ந்து கேன்டீன் ஒரு மணிக்கு மட்டும்தான் திறக்கும். மத்த நேரத்துல இந்தக் கட்டடத்துக்குள்ள யாரும் எதையும் சாப்பிடக் கூடாது. அவரே எழுதட்டும். ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது. அவருக்குத் தெரியாத ஓட்டையா?"

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

உட்பிரிவு தன் மேஜைக்கு வந்து எழுத உட்கார்ந்தார். எழுதாவிட்டால் இயக்குநர் ஏன் என்று கேட்பார். கேட்டால் நாற்காலி ஆடும். எழுதினால் வயிறு ஆடும். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. 'நின்றுகொண்டு உண்பதும் உண்பதாகவே கருதப்படும்' என்று எழுதினார். 'பிறருடைய உணவாயினும்' என்றும் சேர்த்தார். தன் வாழ்வாதாரங்களை ஒவ்வொன்றாக, தன் அழகான கையெழுத்தாலேயே செங்கல் வைத்துப் பூசினார். ருசி பார்த்தலை அடைத்தார். குடித்தலை அடைத்தார். வழியில் குறுக்கிடுவதையும் அடைத்தார். இத்தனை இறுக்கமான ஆணை அந்த அலுவலக வரலாற்றிலேயே கிடையாது. படித்துப் பார்த்தபோது அவருக்கே பெருமையாகவும் பசியாகவும் இருந்தது.

பேனாவை மூடப் போனவர், கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'எலி நடமாட்டம் குறித்த ஆய்வு நடைபெறுவதால், மூன்றாவது மாடிப் பழைய நாற்காலி அறைக்கு இவ்வாணை பொருந்தாது.'

காகிதத்தை டைப்பிஸ்டிடம் கொடுத்தார். "சுத்தப் பிரதி எடுங்க. நான் இதோ வந்துடறேன்."

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். அறைக்கதவைச் சாத்தினார். உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, அவித்த கடலையை ஒவ்வொன்றாக எடுத்து, அவசரப்படாமல், மச்சான் மெல்லுகிற அதே நிதானத்தோடு மென்றுகொண்டிருந்தார். கதவு திறந்தது.

டைப்பிஸ்ட் சுத்தப் பிரதியோடு நின்றாள்.

"எலி இருக்கான்னு..." என்றார் துணை இயக்குநர், வாய் நிறைய.

"மென்னு முழுங்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க சார், அவசரமில்ல," என்றவள், அந்தக் கடைசி வரியைச் சுட்டிக்காட்டினாள். "இங்க மட்டும் 'மூணாவது மாடி'யை 'நாலாவது மாடி'ன்னு மாத்திடவா? நாளையிலேர்ந்து உங்க வீட்டு அக்கா கொடுத்தனுப்புற டப்பாவை அங்க வைக்கணுமாம், நீங்க இன்னும் கொஞ்சம் ஏறி இறங்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காராம்."